சாந்துப் பொட்டும் பாம்புப் பொட்டும்

ஏதாவது ஒரு தமிழ்த் தொடரைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கதை புரியாவிட்டாலும் ஆட்கள் புரிந்துவிடுவார்கள். நெற்றியில் வட்டமான சிவப்புப் பொட்டு, வகிட்டில் குங்குமம், இறுக்கிப் பின்னிய சடை, அதில் ஒரு முழம் மல்லிகை, புடவைக்கு வெளியே தெரியும்படி தாலிச் சரடு என்று ஒருத்தி வந்தால் அவள் கதாநாயகி. புருவ நடுவிலிருந்து பாம்புபோல் நெளிந்து மேலேறும் பொட்டு, வகிடு எடுக்காமல் விரித்துவிட்ட கூந்தல், முதுகு இறங்கிய ரவிக்கை, கண்ணைச் சுற்றிக் கனத்த மை என்று வந்தால் அவள் வில்லி. ஏன் இப்படி என்று கேட்டால் எடுப்பவர்களும் பார்ப்பவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: காலங்காலமாக நம் வீட்டுப் பெண்கள் இப்படித்தானே இருந்தார்கள். அந்தப் பதில் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. தொடர்களில் நாம் காணும் 'குடும்பப் பெண்' தோற்றம், 1990களின் கடைசியிலிருந்து தினசரித் தொடரின் வேலைமுறையும் விளம்பரப் பணமும் சேர்ந்து தைத்துக் கொடுத்த சீருடை. அதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கும்போது நம் பாட்டிகளையும் பூட்டிகளையும் கணக்கிலிருந்தே விட்டுவிடுகிறோம்.

பாட்டிகளிடமிருந்தே தொடங்கலாம். கொசுவத்தை முன்னால் செருகி, முந்தானையை இடது தோளில் மடிப்பு மடிப்பாகப் போட்டுப் பின் குத்தும் இன்றைய கட்டு தமிழகத்தில் எல்லோருக்கும் பொதுவானது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டும் பின்கொசுவம் பல வட்டாரங்களில் வழக்கமாக இருந்தது. செட்டிநாட்டுக் கண்டாங்கியை அப்படித்தான் கட்டினார்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும் அந்தக் கட்டு வயலில் இறங்கவும் தண்ணீர் சுமக்கவும் தோதானது. ரவிக்கை அதைவிடப் பிந்தியது. ரவிக்கை போடாத கிழவிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கிராமத்துத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அடக்கமில்லாதவர்கள் என்று ஊர் சொல்லவில்லை. நெற்றியில் இட்டது குங்குமம், இல்லையென்றால் சாந்து. ஒட்டுப் பொட்டு 1980களுக்குப் பிறகு பரவியது. வில்லிக்கு விதவிதமான பாம்புப் பொட்டு கிடைத்ததே அந்த ஒட்டுப் பொட்டின் தயவில். நிறத்துக்கு வந்தால் தூரம் இன்னும் அதிகம். சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் அது. பிரிவுத் துயரில் அந்த நிறம் வெளிறினால் பசலை. அதை நோயாகவே பாடினார்கள். பிற்கால இலக்கியத்தில் பொன்மேனியும் புகழப்பட்டது உண்மை. ஆனால் வெளுப்பு ஒன்றே மரபின் அழகு என்று சொல்ல எந்த இடமும் இல்லை. மரபுக்குள் மறுப்பும் உண்டு: பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், எளிய உடை உடுத்த வேண்டும் என்று 1930களிலேயே பெரியார் சொல்லிவிட்டார்.

தோற்றத்தை வைத்துக் குணத்தைச் சொல்லும் பழக்கம் தொலைக்காட்சிக்கு முன்பே இருந்தது என்று ஒருவர் மறுக்கலாம். இருந்தது. பையன்கள் ஸ்திரீபார்ட் கட்டிய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண்மை என்பதே ஒப்பனைதான். சினிமாவிலும் சிகரெட்டோடு கிளப்பில் ஆடும் பெண்ணுக்கும் பூஜை அறையில் நிற்கும் பெண்ணுக்கும் இடையே கோடு போட்டுத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் சினிமா அந்தக் கோட்டைத் தானே பலமுறை அழித்தது. சரிதாவின் கறுத்த முகத்தை முழுத்திரைக்குக் காட்டிய கே. பாலசந்தர் படங்கள் வெற்றி பெற்றன. 1979-இல் வந்த 'பசி'யில் குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருதே கிடைத்தது. இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கதையில் ஒரு முகத்தைப் பார்வையாளர் மெல்லப் புரிந்துகொள்ள அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் எங்கே, எப்போது பறிபோனது என்பதுதான் கேள்வி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது பறிபோகவில்லை. தூர்தர்ஷன் காலத்து நாடகங்கள் வாரத்துக்கு ஒன்று. தொடர் என்றாலும் பெரும்பாலும் 13 வாரம். நடித்தவர்களில் பலர் சபா நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். வயதும் உடல்வாகும் கலந்துகட்டியாக இருந்தன. பாத்திரம் யாரென்று வசனத்தைக் கேட்டால்தான் தெரியும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. அந்த வீடுகள் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வர்க்க வீடுகள். உழைக்கும் சாதிப் பெண் அங்கே பாத்திரம் துலக்க மட்டும் வந்து போனாள். தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை ஆராய 1982-இல் அமைக்கப்பட்ட பி.சி. ஜோஷி குழுவும் பெண்களைக் காட்டும் விதத்தைக் குறை சொல்லியது. குறைகள் வேறு. ஆனால் நல்லவளுக்கு ஒரு பொட்டு, கெட்டவளுக்கு ஒரு பொட்டு என்ற பங்கீடு அங்கே இறுகியிருக்கவில்லை.

இறுகியது தினசரித் தொடரோடு. சன் டிவி 1993 ஏப்ரல் 14-இல் வந்தது. 1999 டிசம்பரில் தொடங்கிய 'சித்தி' வாரநாள் இரவையே தொடருக்கு என்று எழுதிவைக்கும் பழக்கத்தை மாநிலம் முழுக்க ஊன்றியது. வேலைமுறை அதோடு தலைகீழாகியது. ஒரு வாரத்துக்கு ஐந்து எபிசோட் வேண்டும். வாடகை பங்களாவில் ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்து முடிக்க வேண்டும். எழுத நேரமில்லை, ஒத்திகைக்கு நேரமில்லை. பார்க்கிறவரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, கையில் வெங்காயம், காது டிவியில், கண் இடையிடையே. நேற்றைய எபிசோடை விட்டவருக்கும் இன்றைய கதை புரிய வேண்டும். எட்டிப் பார்க்கும் அந்த இரண்டு விநாடியில் ஒரு பெண்ணின் குணத்தைச் சொல்லிவிட எழுத்தால் முடியாது; பொட்டால் முடியும். அதிர்ச்சி இசையோடு ஒரே முகத்தை மூன்று முறை அருகில் கொண்டுவந்து நிறுத்தும் உத்தியும் இங்கே வேரூன்றியதுதான். சிறிய திரையை நிறைத்து நிற்கும் அந்த முகத்தில் நெற்றி, கண், காது, கழுத்து மட்டுமே தெரியும். அங்கேதான் அத்தனை அடையாளமும் குவிந்தன. ஆண் பாத்திரங்களுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. ஒரே சட்டையில் நல்லவனும் வரலாம், கெட்டவனும் வரலாம். பெண்ணின் உடல்மீதுதான் கதைச்சுருக்கம் எழுதப்பட்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்தத் தொடர்களைத் தாங்கி நின்றவர்கள் பெண்கள்தானே? 'சித்தி'யை ராதிகா தம் நிறுவனத்தின் மூலமே தயாரித்தார். 'கோலங்கள்' (2003–2009) 1500-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடியது. அதில் தேவயானி ஏற்ற அபி, கட்டுமானத் தொழிலில் ஆண்களோடு மோதி நின்ற பெண். சம்பாதிக்கும் பெண்ணைக் குடும்பமே உட்கார்ந்து மரியாதையோடு பார்க்க வைத்ததில் இந்தத் தொடர்களுக்குப் பெரிய பங்குண்டு; அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்தது. அவள் கம்பெனி நடத்தலாம், கோர்ட்டுக்குப் போகலாம், வீட்டை விட்டு வெளியேறலாம். முடியை மட்டும் வெட்டிக்கொள்ளக் கூடாது. செயலில் எவ்வளவு தூரம் போகிறாளோ அந்த அளவுக்குத் தோற்றத்தில் அவளை வீட்டுக்குள் நிறுத்தினார்கள். தாலியும் பொட்டும் பின்னலும் அவளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டன. 'வாணி ராணி' (2013–2018) இதற்கு நல்ல சான்று. ராதிகாவே இரட்டையராக நடித்த தொடர் அது. ஒருத்தி வக்கீல், ஒருத்தி இல்லத்தரசி. முகம் ஒன்று. வேலைக்குப் போகிறவள் யார், வீட்டில் இருப்பவள் யார் என்பதைப் புடவையும் தலைவாரலும் பொட்டும் பிரித்துச் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னதும் யாருக்கும் குழப்பம் வரவில்லை. பத்து ஆண்டுகளில் பார்வையாளர் அந்த இலக்கணத்தை அவ்வளவு சுத்தமாகக் கற்றிருந்தார்.

பணத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் சேனலிடம் நேரத்தை விலைக்கு வாங்கி, அதில் வரும் விளம்பர நிமிடங்களைத் தாமே விற்றுப் பணம் எடுக்கும் முறையில்தான் சன் டிவியின் ஆரம்பகாலத் தொடர்கள் ஓடின. விளம்பரம் தந்தவர்கள் ஜவுளிக்கடை, நகைக்கடை, மசாலாப் பொடி, சோப்பு. கதைக்கு நடுவே பட்டும் தங்கமும் விற்கும்போது, கதைக்குள் இருப்பவள் பருத்திச் சேலையோடு இருப்பது யாருக்கும் லாபமில்லை. புடவை தந்த கடைக்கு எபிசோட் முடிவில் நன்றி போட்டார்கள். அப்படித் தராத இடத்தில் நடிகைகளே தங்கள் சம்பளத்தில் புடவை வாங்கி வந்தார்கள், ஒருமுறை கட்டியதை மறுபடி கட்டினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தோடு. அதே காலத்தில் வடக்கிலிருந்தும் ஓர் அலை வந்தது. 2001-இல் தொடங்கிய இந்தித் தொடர் 'கசௌட்டி ஜிந்தகி கே'யில் கோமோலிகாவாக வந்த ஊர்வசி தோலக்கியாவின் நெளிந்த பொட்டும் மூக்கணியும் இந்தியா முழுக்க வில்லிக்கு இலக்கணமாயின. இந்தித் தொடர்கள் தமிழில் டப் ஆகி வரத் தொடங்கியதும் இங்குள்ள மாமியாரும் நாத்தனாரும் ஜரிகையில் ஏறிக்கொண்டார்கள். தூங்கி எழும் காட்சியிலும் கலையாத கொண்டையும் நகையும் அப்படி வந்தவை. ஆக, நம்முடையது என்று நாம் கொண்டாடும் தோற்றத்தில் பாதி மும்பைப் படப்பிடிப்புத் தளத்தின் சரக்கு.

நிறத்தில்தான் இந்தச் சீருடை மிகக் கொடுமையாக வேலை செய்தது. சென்னைத் தொலைக்காட்சி பிறந்த அதே 1975-இல்தான் சிவப்பழகு க்ரீமான ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது; பிறகு இரண்டும் ஒரே கூடத்தில் சேர்ந்து வளர்ந்தன. 2006-க்குப் பிறகு தி.மு.க. அரசு தந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, அதுவரை அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த குடும்பங்களுக்கும் திரையைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் நூறுநாள் வேலையில் வெயில் தின்ற பெண்கள் அந்தத் திரையில் கண்டது தங்கள் நிறத்தில் ஒருத்திகூட நாயகியாக இல்லாத ஊரை. எந்த மூலையிலும் நிழல் விழாதபடி போட்ட விளக்கு, முகத்தை ஒரே சுவராக்கும் பவுடர், பக்கத்து மாநிலங்களிலிருந்து வந்த வெளுத்த நாயகியர், அவர்களுக்குக் குரல் கொடுத்த தமிழ்ப் பெண்கள். வெளியூர் நடிகைகள்மீது எனக்கு வருத்தமில்லை, உழைக்க வந்தவர்கள். அந்தக் குரல்களைத் திரைக்குப் பின்னாலேயே நிறுத்திவைத்த முடிவின்மீதுதான் வருத்தம்.

2019-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா' இதைச் சரிசெய்ய வந்ததுபோல் தோன்றியது. கறுத்த பெண்ணே நாயகி. அவள் நிறத்தை வெறுக்கும் மாமியாருக்குப் பெயர் சௌந்தர்யா. மலையாளத்தின் 'கறுத்தமுத்து'விலிருந்து கிளம்பிய கதை அது. தெலுங்கில் 'கார்த்திக தீபம்' ஆகி, இன்னும் சில மொழிகளுக்கும் போனது. மலையாளத்திலும் தெலுங்கிலும் நாயகியாக நடித்த பிரேமி விஸ்வநாத்தை மேக்கப் போட்டுக் கறுப்பாக்கினார்கள். தமிழிலும் நாயகியின் நிறத்தை மேக்கப் கூட்டிக் காட்டியது என்ற விமர்சனம் எழுந்தது. கறுத்த பெண்ணின் கதையைச் சொல்ல முன்வந்த துறைக்கு, கறுத்த பெண்ணிடமே அந்த வேடத்தைக் கொடுக்க மனம் வர இவ்வளவு தயக்கம். கதைக்குள்ளும் அவள் நிறம் அவளுடைய இயல்பாக வரவில்லை. அவள் சுமக்க வேண்டிய துன்பமாக, மற்றவர்கள் பெருந்தன்மையோடு மன்னிக்க வேண்டிய குறையாக வந்தது. இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2009-இல், சென்னையிலிருந்தே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியிருந்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லிகூடப் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது.

மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம், டி.ஆர்.பி. பாருங்கள் என்பார்கள். டி.ஆர்.பி. சொல்வது, பந்தியில் வைத்ததில் எதை எடுத்தார்கள் என்பதை மட்டும். வைக்காத பண்டத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. மாற்றி வைத்தபோது எடுத்தும் இருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', படித்திருந்தும் அடுப்படியில் முடக்கப்பட்ட நான்கு மருமகள்களின் கதை. வேர்த்து விறுவிறுத்துச் சமைத்துக்கொண்டே பொருமும் பெண்களின் பேச்சுக்காகவே வீடுகள் அதைப் பார்த்தன. டி.ஆர்.பி.யில் முன்னணிக்கும் வந்தது. பார்க்கிறவர்களுக்குக் கதைக்கும் வேஷத்துக்கும் வித்தியாசம் தெரியும், இதையெல்லாம் யார் நிஜமென்று நம்புகிறார்கள் என்பது இன்னொரு வாதம். தெரியும்தான். ஆனால் வேஷம் சேதம் விளைவிக்க நம்பிக்கை தேவையில்லை, பழக்கம் போதும். ஜீன்ஸ் போட்டவள் திமிர் பிடித்தவள், கல்யாணத்துக்குப் பின் புடவைக்கு மாறியதும் திருந்தியவள் என்று ஒரே வரிசையை ஆயிரம் இரவு பார்த்த வீட்டில், மகள் வாங்கி வரும் உடைக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. புருஷன் செத்த காட்சியில் பூவும் பொட்டும் பறிக்கப்படுவதை மெதுவாக, இசையோடு, பல கோணத்தில் காட்டும்போது, அதைத் தன் வீட்டில் அனுபவித்த ஒருத்தியும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

சுடிதார் ஒருகாலத்தில் தொடர்களில் அடங்காத பெண்ணின் உடையாக இருந்தது. கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போகும் பெண்கள் அதைத் தெருவில் சாதாரணமாக்கிய பிறகு, கல்யாணமாகாத நாயகிக்கு மட்டும் துப்பட்டாவோடு அனுமதி கிடைத்தது. 2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை ஆணையில் புடவையோடு சல்வார் கமீஸும் சுடிதாரும் இடம்பெற்றன. அந்தப் பெண்களில் கல்யாணமானவர், ஆகாதவர் என்று ஆணை பிரிக்கவில்லை. கோட்டைக்குச் சுடிதாரில் வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்து டிவியைப் போடும் அந்தப் பெண்ணின் முன்னால், தொடரின் மருமகள் இன்னும் பட்டுப் புடவையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.