வானொலி உரிமம் முதல் இசைக் கணக்கு வரை: சென்னையில் கேட்கும் அனுமதியின் வரலாறு

இணையவழி இசைச் சேவைகளில் கணக்கு வைத்திருப்பவர் எந்தெந்தக் கருவிகளில் பாட்டுக் கேட்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்கலாம், கணக்கு பிறர் கைக்குப் போகாமல் எப்படிக் காப்பது என்பவை இன்றைய கேள்விகளாகத் தோன்றும். ஆனால் கேட்கும் கருவிக்கு அனுமதி பெறுவதும் அதைப் புதுப்பிப்பதும் சென்னைக்குப் பழக்கமானவைதான். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இந்நகரத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்த உரிமம் தொடங்கி இன்றைய இசைக் கணக்கு வரையிலான மாற்றங்களை இக்கட்டுரை தொகுக்கிறது.

தொடக்கம்

சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் மதராஸ் மாகாண வானொலிச் சங்கம் உருவானது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. பணமின்மையால் 1927-இல் சங்கம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சிக்குக் கிடைத்தது.

1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்ற தனியார் நிறுவனம் நிலையங்களைத் திறந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் செலுத்தி உரிமம் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. அத்தொகையின் பெரும்பகுதி நிறுவனத்துக்குச் சேரும். உரிமம் எடுத்தவர்கள் சில ஆயிரம் பேரே. மூன்று ஆண்டுகளுக்குள் நிறுவனம் மூடப்பட்டு, 1930 ஏப்ரலில் ஒலிபரப்பு அரசின் பொறுப்புக்கு வந்தது.

உரிமம் எடுக்காமல் கேட்டவர்களைத் தடுக்க அன்றைய சட்டத்தில் போதிய வழி இல்லை. பெட்டி ஓசையின்றி வீட்டுக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்? இந்தக் குறையைத் தீர்க்கவே 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இயற்றப்பட்டு 1934 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே அதன்படி குற்றம். கேட்டதை நிரூபிக்க வேண்டியதில்லை. வீட்டில் கருவி இருந்தாலே போதும்.

மாநகராட்சியின் ஒலிபெருக்கிகள்

சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தன் சொந்த ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்கவும் உரிமம் எடுக்கவும் வசதியற்றவர்கள் மாலையில் கடற்கரை மணலில் அமர்ந்து கேட்டார்கள். உரிமம் வீட்டுக்குள் இருந்த கருவிக்கே தேவைப்பட்டது. பொது இடத்தில் கேட்பவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. சென்னையில் இசை கேட்பதன் வரலாற்றில் இந்த இரட்டை நிலை முக்கியமானது.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியதும் மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது. 1954-இல் நிலையம் மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய இப்போதைய கட்டடத்துக்கு இடம் மாறியது.

உரிமப் புத்தகம்

சுதந்திரத்துக்குப் பின் வானொலி பரவலானபோது உரிமமும் பரவலானது. உரிமம் வழங்கியது அஞ்சல் நிலையம். கையடக்கமான ஒரு புத்தகத்தில் உரிமதாரரின் பெயர், முகவரி, பெட்டியின் விவரம் ஆகியவை எழுதப்படும். வீட்டு உரிமத்துக்கு ஆண்டுக்கு 15 ரூபாய். ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை பெற வேண்டும். தவணை தவறினால் கூடுதல் கட்டணம் உண்டு. தணிக்கைக்கு வரும் ஆய்வாளரிடம் புத்தகத்தைக் காட்ட வேண்டும்.

இன்றைய சொற்களில் சொன்னால் இது ஒரு கருவிப் பதிவு. ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது. வீட்டில் பெட்டி இருப்பது அரசுக்குத் தெரியும். அதில் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாது. 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பவில்லை. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் குறைந்தது. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். இந்திய அரசுக்கு 15 ரூபாய் கட்டிவிட்டு, அந்தப் பெட்டியிலேயே இலங்கையின் பாட்டைக் கேட்டார்கள். உரிமம் அதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு நேயர்களின் இந்த விலகலும் ஒரு காரணம்.

டிரான்சிஸ்டர் வந்தபின் பெட்டி வீட்டை விட்டு வெளியேறியது. மெரினாவிலும் பனகல் பூங்காவிலும் கையில் வைத்துக் கேட்கும் கருவியை முகவரிக்கு முகவரி சென்று சரிபார்ப்பது இயலாது. 1985-இல் வானொலி, தொலைக்காட்சி உரிமக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. அதன்பின் உரிமம் ஒலிபரப்புவோருக்கு மட்டும் தேவைப்பட்டது. 2004 பிப்ரவரியில் அடையாற்றை ஒட்டிய கிண்டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி தொடங்கியபோது உரிமம் பெற்றது பல்கலைக்கழகம். கேட்டவர்களுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

ஒலிநாடாவும் சபா நுழைவுச்சீட்டும்

உரிமம் மறைந்த அதே ஆண்டுகளில் சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ஒலிநாடாவை எவரும் வீட்டிலேயே நகலெடுக்க முடிந்தது. 1984-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒலிப்பதிவுகளின் மேல் தயாரித்தவர் பெயரும் முகவரியும் அச்சிடப்பட வேண்டும் என்று ஆனது. பாதுகாப்பு, கேட்கும் கருவியிலிருந்து பதிவுக்கு இடம் மாறியது.

சபாக்கள் தம் வழியில் தொடர்ந்தன. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் பருவச்சீட்டு, நபரைவிட இருக்கையையே அடையாளமாகக் கொண்டது. வீட்டில் ஒருவருக்கு வர முடியாவிட்டால் சீட்டு அடுத்தவர் கைக்குப் போகும். ஆனால் ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமர முடியும். மியூசிக் அகாதெமியின் டிஜிட்டல் ஒலிக் காப்பகத்தில் விதி இன்னும் இறுக்கம்: அங்கே சென்று கேட்கலாம், நகலெடுத்து வர முடியாது.

2020-இல் கொரோனாத் தொற்றால் மார்கழிக் கச்சேரிகள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தன. மியூசிக் அகாதெமி இணையவழி விழா நடத்தியது. சபாக்களின் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு விழாவை நடத்தியது. அதுவரை இருக்கை எண்ணாக இருந்த அனுமதி, மின்னஞ்சல் முகவரியாகவும் கடவுச்சொல்லாகவும் மாறியது. ஒரு சீட்டுக்கு ஒரு இருக்கை என்பது ஒரு வீட்டுக்கு ஒரு திரை என்றானது. அத்திரைக்கு முன் எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்று எண்ண வழியில்லை.

இசைக் கணக்கு

இந்தியாவில் சாவன் 2007-இலும் கானா 2010-இலும் தொடங்கின. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் வந்தது. இச்சேவைகளில் உரிமம் பெட்டிக்கு அல்ல, கணக்குக்கு. ஸ்பாட்டிஃபையின் தனிநபர் கட்டணக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் இணையவழியாகக் கேட்க முடியும். பாட்டுகளை ஐந்து கருவிகள் வரை பதிவிறக்கி வைக்கலாம். குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம். ஆனால் அனைவரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெற்றோர் மயிலாப்பூரிலும் பிள்ளைகள் கலிஃபோர்னியாவிலும் இருக்கும் வீடுகளுக்கு இந்த நிபந்தனை பொருந்துவதில்லை. முகவரி என்ற பழைய உரிமப் புத்தகத்தின் அளவுகோல் இங்கே திரும்பி வந்திருக்கிறது.

கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும் சேவை அக்கருவிக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. அதன்பின் கருவி டோக்கனைக் காட்டித்தான் உள்ளே வருகிறது. கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் கேட்கப்படுவதில்லை. அதனால் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. பழைய கருவியின் டோக்கன் செல்லுபடியாகும் வரை அதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கலாம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதி அதற்காகவே இருக்கிறது. தொலைக்காட்சி, ஒலிபெருக்கி போன்ற சில கருவிகளும், கணக்கோடு இணைக்கப்பட்ட பிற செயலிகளும் அதில் அடங்காமல் போகலாம். அவற்றைத் தனியே நீக்க வேண்டும்.

கணக்கு பறிபோகும் வழி பெரும்பாலும் எளியது. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்போரின் விவரம் ஓரிடத்தில் கசிந்தால், அதை எடுத்து மற்ற இடங்களில் வரிசையாக முயன்று பார்க்கிறார்கள். இவ்வாறு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பாட்டிஃபை கணக்குகளைத் திறக்கப் பயன்பட்ட ஒரு தரவுத் தொகுப்பைப் பற்றிய செய்தி 2020 நவம்பரில் வெளியானது. விவரங்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து கசிந்தவை அல்ல. வேறிடங்களில் கசிந்து இங்கே பொருந்தியவை. பாதிக்கப்பட்டவர்களின் கடவுச்சொற்களை நிறுவனம் மாற்ற வைத்தது.

கைபேசி எண்ணால் நுழையும் கணக்குகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. இந்தியாவில் கைவிடப்பட்ட எண் குறைந்தது 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். எண்ணை மாற்றியவர் கணக்கில் பழைய எண்ணை விட்டுவைத்தால், ஒருமுறைக் குறியீடு புதியவர் கைபேசிக்குப் போகும்.

செய்ய வேண்டியவை

இசைக் கணக்குக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். கணக்கோடு இணைந்த மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு தேவை. மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்றவற்றையும் பிடித்துவிடுவார். பழைய கைபேசியை விற்கும் முன்பும், வாடகை வீட்டையோ வாடகைக் காரையோ விடும் முன்பும் வெளியேற வேண்டும். கேட்காத பாட்டுகள் பட்டியலில் தெரிந்தால் முதலில் மின்னஞ்சலைப் பாதுகாத்து, பிறகு கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இணைந்த செயலிகளை நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய எண்ணில் புகார் செய்யலாம். பிறர் கடவுச்சொல்லை நேர்மையற்ற நோக்கில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

மதிப்பீடு

உரிமப் புத்தகத்தின் காலத்தில் சரிபார்க்க வந்தவர் வாசலில் நின்று கதவைத் தட்டினார். வீட்டாருக்கு அவர் வருவது தெரியும். இன்று கணக்குக்குள் நுழைபவர் வாசலுக்கு வருவதில்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. உரிமப் புத்தகம் பெட்டியின் விவரத்தை மட்டும் அறிந்திருந்தது. இசைக் கணக்கு எந்தப் பாட்டு, எந்த நேரத்தில், எத்தனை முறை என்பதையும் குறித்து வைக்கிறது. இலங்கை வானொலிக்குத் திருப்பிய மயிலாப்பூர் நேயரின் மாலைநேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்றைய நேயரின் மாலைநேரம் பதிவேட்டில் இருக்கிறது. கணக்கு பிறர் கைக்குப் போனால் அதுவும் உடன் போகிறது. கருவிப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது. அஞ்சல் நிலையத்துக்கு உரிமப் புத்தகத்தோடு சென்ற பழைய வழக்கம், இன்று நேயர் தாமே செய்துகொள்ள வேண்டிய தணிக்கையாகியிருக்கிறது.