பிணைத்து விற்றலும் தெரிவுரிமையும்

ஒரு பொருளோடு மற்றொன்றைச் சேர்த்து விற்பது வணிகத்தின் பழைய வழக்கம். வாங்குவோர் விரும்பி ஏற்கும்வரை அதில் குற்றமில்லை. ஆயின், வேறு கடையே இல்லாத சந்தையில், "இது வேண்டுமெனில் அதனையும் கொள்க" என்று ஒருவர் கூறும்போது சலுகை தளையாகிவிடுகிறது. அண்மைக்கால வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும்.

1990களில் உலகின் மிகப்பெரும்பாலான கணினிகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தைக் கொண்டே இயங்கின. இணைய உலாவிகளுள் நெட்ஸ்கேப் முன்னணியில் நின்றது. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்புளோரர் உலாவியை விலையின்றி விண்டோசுடன் பிணைத்தது. விண்டோஸ் 98இல் அதனை எளிதில் நீக்கும் வழியையும் அடைத்தது. 1998 மே 18ஆம் நாள் அமெரிக்க நடுவணரசும் மாநிலங்கள் பலவும் வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000 ஜூனில் ஆணை பிறந்தது. 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. பிணைப்பை அதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கியே மதிப்பிட வேண்டுமென்றது. எனினும், முற்றுரிமையைக் காக்க முறையற்ற வழிகளை அந்நிறுவனம் கையாண்டது என்னும் முடிவை நிலைநிறுத்தியது. நெட்ஸ்கேப்போ 1999இலேயே வேறொரு நிறுவனத்தின் உடைமையாகிவிட்டது. நீதி வந்தது, காலந்தாழ்ந்து வந்தது.

இப்போட்டி தமிழையும் தொட்டது. யூனிகோடு பரவுவதற்குமுன் தமிழ்த் தளங்கள் பல, எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. நெட்ஸ்கேப் ஏற்ற எழுத்துருக் கோப்பு ஒருவகை; எக்ஸ்புளோரர் ஏற்றது மற்றொருவகை. ஒன்றை மட்டும் ஆக்கிவைத்த தளம் மற்றதில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. ஆகவே, சந்தையில் எவ்வுலாவி நிலைக்கும் என்பது நம் எழுத்தைப் பற்றிய வினாவும் ஆயிற்று.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 2012 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை அதன் 10ஆம் பிரிவு தடுக்கிறது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த கேஎல் சென்ட்ரலில் அப்போது இயங்கிய போட்டி ஆணையம், 2016 ஜூனில் மைஇஜி நிறுவனத்திற்கு 20 இலட்சம் வெள்ளிக்கு மேல் அபராதம் விதித்தது. அயல்நாட்டுத் தொழிலாளரின் அனுமதியை இணையவழிப் புதுப்பிக்கையில், கட்டாயக் காப்புறுதியைப் பிறரிடம் எடுத்த முதலாளிகளுக்கு வேறான நிபந்தனை வைத்தது என்பதே குற்றச்சாட்டு. மேல்முறையீட்டு நடுவர் மன்றமும் 2017இல் அம்முடிவை உறுதிசெய்தது. கிள்ளானில் உணவகம் நடத்துவோருக்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று.

கொடுப்பதைச் சட்டம் குறைகூறவில்லை; பிறர் கடைக்குச் செல்லும் வழியை அடைப்பதையே குறைகூறுகிறது. விலையின்றிக் கிடைப்பதைக் கையேற்கும் மாணவர், வேறொன்றைத் தேரும் வாயில் இன்னும் திறந்துள்ளதா என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.