உடம்பு ஓரூர், கண் வேற்றூர்

என் அப்பாவின் சதாபிஷேகம் 1987-இல் திருக்கடையூரில் நடந்தது. போன வாரம் பேத்தி அந்த ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "தாத்தா, எல்லாப் படமும் ஏன் மூட்டமா இருக்கு? ஹோமப் புகையா?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வெளிப் பிராகாரத்தில் வெயிலில் எடுத்த படங்களிலும் அதே மூட்டம். குற்றம் புகையுடையது அல்ல, என்னுடையது. அதற்கு வருமுன் கொஞ்சம் பழைய சங்கதி.

கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி என்றால் இன்று பலர் முகம் சுளிக்கிறார்கள், ஏதோ டூப்ளிகேட் சாமான் மாதிரி. புகைப்படம் பிறந்த காலத்தில் அதுதான் வழக்கமே. பெட்டியைத் தச்சர் செய்வார், லென்ஸைக் கண்ணாடி தேய்ப்பவர் செய்வார். 1839-இல் பாரிஸில் டாகேர் தன் முறையை அறிவித்தபோது லென்ஸ் செய்து கொடுத்தவர் ஷெவாலியே. அதில் வெளிச்சம் போதாது. ஆளைப் பல நிமிடம் ஆடாமல் உட்கார வைக்க வேண்டும். மறு ஆண்டே வியன்னாவில் பெட்ஸ்வல் என்ற கணிதப் பேராசிரியர் கணக்குப் போட்டு, பலமடங்கு வெளிச்சம் தரும் லென்ஸை வடிவமைத்தார். அதைத் தயாரித்தவர் ஃபோக்ட்லெண்டர். பிறகு இருவருக்கும் பெரிய சண்டை. இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஐரோப்பா முழுவதும் மற்றவர்கள் அதே லென்ஸைப் பார்த்துச் செய்து விற்றார்கள்!

நம்மூருக்கு வருவோம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் திருவையாற்றையும் படமெடுத்தார். பிலிம் ஏது? மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891-இல்தான் என்பதை நினைத்தால் அந்த வேலையின் அருமை புரியும். ஓரங்களில் நேர்க்கோடு வளைவதை நன்றாகக் கட்டுப்படுத்திய லென்ஸை லண்டனில் டால்மேயரும் மூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே கொண்டுவந்தது 1866-இல். டிரைப்புக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் காலத்து ஸ்டுடியோவுக்கு வந்தால், மரப்பெட்டி, கறுப்புத் துணி, பித்தளை லென்ஸ். மூடியைக் கழற்றி மனதுக்குள் எண்ணி மறுபடி மூடுவார்கள். அந்த மரக் கேமராக்களில் புகழ்பெற்றது ஆலப்புழையில் கருணாகரன் செய்த 'வாகீஸ்வரி'. அவர் அப்பா வைத்திருந்தது ஆர்மோனியப் பட்டறை. துருத்தி மடிக்கத் தெரிந்த கை, கேமராவின் துருத்தியையும் மடித்துவிட்டது. 1940-களில் தொடங்கிப் பல வருடம் அது தெற்கே ஸ்டுடியோக்களில் நின்றது. லென்ஸ் மட்டும் வெளிநாட்டு இறக்குமதி. தெற்கு வீதிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் தன் கேமராவைத் தட்டிக்கொடுத்து, "உடம்பு ஆலப்புழை தம்பி, கண்ணு சீமை" என்பார். லென்ஸ் ஒரு மரப்பலகையில் பொருந்தியிருக்கும். பலகையில் அளவுக்குத் துளை போட்டால் எந்த நாட்டு லென்ஸும் ஏறும்.

சின்னக் கேமராக்கள் வந்ததும் இந்தச் சுதந்திரம் குறைந்தது. 42 மில்லிமீட்டர் திருகு மரை ஒன்று பொதுவாக இருந்தது. கிழக்கு ஜெர்மனி பிராக்டிகா, ரஷ்ய ஜெனித், ஜப்பான் பென்டாக்ஸ் மூன்றிலும் அதே மரைதான். மற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு பூட்டு வைத்தன. அந்த இடத்தில்தான் வெளி லென்ஸ்காரர்கள் புத்திசாலித்தனம் காட்டினார்கள். இன்று டாம்ரான் என்கிறோமே, அந்தக் கம்பெனி 1957-இலேயே லென்ஸ் ஒன்று, வளையம் பல என்று கொண்டுவந்தது. கேமராவை மாற்றினால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். 1961-இல் தொடங்கிய சிக்மாவும் இந்த வழியில் வளர்ந்ததுதான்.

1984-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு பென்டாக்ஸ் கேமராவும், அதற்கு வேறொரு கம்பெனி ஜூம் லென்ஸும் கொண்டுவந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். கேமராக்காரர்களின் ஜூமுக்குப் பாதி விலைகூட இல்லை என்றார். முதல் இரண்டு வருடம் குறை சொல்ல முடியாது. நடவு வயல், திருவையாற்று ஆராதனை, குறுவை அறுப்பு என்று ரோல் ரோலாக எடுத்துத் தள்ளினேன்.

பிறகு ஐப்பசி அடைமழை. கேமராவைத் தோல் உறையில் போட்டு மர பீரோவில் பத்திரமாக (!) பூட்டி வைத்தேன். நம் டெல்டா ஈரம் தெரியுமல்லவா, அப்பளம்கூட நமுத்துப்போகும். தோல் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. சதாபிஷேகத்துக்கு எடுத்தபோது லென்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று ரோல்.

படங்கள் கழுவி வந்ததும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு பெரியவரிடம் ஓடினேன். அவர் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. "மட்டமான கம்பெனி, அதான்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் கம்பெனியா இருந்தா என்ன தம்பி? தோல் உறையில வெச்சா சீமைக் கண்ணும்தான் பூத்துப்போகும். என்னுது பாருங்க, அரிசி டப்பாவுக்குப் பக்கத்துல, காத்தாட இருக்கு" என்றார்.

அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அவரைத் தனியாக நிறுத்தி யாரும் படமெடுக்கவில்லை.

பேத்தி அந்தப் படங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏதோ செய்து மூட்டத்தைக் கொஞ்சம் விலக்கியிருக்கிறாள். பிராகாரத்துப் படத்தில், அப்பாவின் இடது தோளில் இரண்டு அட்சதை ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடம் நான் அதைப் பார்த்ததில்லை.