இனாம் என்ற சொல்லும் பள்ளிவாசல் நிலமும்

விலையின்றிக் கிடைப்பதை இன்று நாம் இனாம் என்கிறோம். சற்று இளக்காரமாகவும் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு ரக்அத்திலும் நாம் ஓதும் ஃபாத்திஹா சூராவில் இறைவன் அருள்புரிந்ததைக் குறிக்கும் சொல்லும் இதே அரபு வேரில் பிறந்ததுதான்.

முகலாயர், ஆற்காட்டு நவாபுகள் காலத்தில், வரியை நீக்கியோ குறைத்தோ அளிக்கப்பட்ட நிலவுரிமைக்கு இனாம் என்று பெயர். அதற்கு முன்பே தமிழில் இறையிலி, மானியம் எனும் சொற்கள் வழங்கின. இவற்றை ஹிபாவோடும் வக்ஃபோடும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஹிபா ஒருவர் தம் உடைமையை மற்றவருக்குக் கொடுத்து, பெறுபவர் ஏற்றுக் கைக்கொள்வது. வக்ஃபோ அல்லாஹ்வுக்காக அர்ப்பணிக்கப்பட்டது. அதை விற்கவும் முடியாது, வாரிசுகள் பங்கிடவும் முடியாது. இனாம் அரசு அளித்த சலுகை. பல இடங்களில் அரசு விட்டுக்கொடுத்தது மண்ணையன்று, மண்ணிலிருந்து தனக்கு வரவேண்டிய வரியையே.

இந்த வேறுபாடு 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தபோது பெரிதாயிற்று. கமிஷன் கையாண்ட சொல் ‘என்ஃபிராஞ்சைஸ்’. வாக்குரிமை அளிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்; 1921இல் சென்னை மாகாணப் பெண்கள் சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதையும் இச்சொல்லாலேயே எழுதினர். நில விவகாரத்தில் அதன் பொருள் வேறு. தனிமனிதர் வைத்திருந்த இனாமுக்கு நிலையான ஒரு சிறு வரியை விதித்து, வாரிசற்றுப் போனால் நிலத்தைத் திரும்ப எடுக்கும் உரிமையை அரசு கைவிட்டது. அன்று முதல் அவர் அதை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். பள்ளிவாசல், தர்கா, கோயில் போன்றவற்றுக்கான இனாம்கள் அப்படி விடுவிக்கப்படவில்லை. அறப்பணி நடக்கும் வரை செல்லும் என உறுதி செய்யப்பட்டன.

ஆகவே, பதிவேட்டில் எழுத்தர் எந்தப் பெயரை எழுதினார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பள்ளிவாசலின் பெயரில் எழுதப்பட்டால் நிலம் பள்ளிவாசலுக்கு. இமாமின் அல்லது முத்தவல்லியின் பெயரில் ‘சொந்த இனாம்’ என எழுதப்பட்டுவிட்டால், இரண்டு தலைமுறைக்குள் அது குடும்பச் சொத்தாகிப் பாகம் பிரியக்கூடும். உரிமை வழங்கும் சொல் ஒன்று இப்படி ஒரு ஜமாஅத்தின் உரிமையைப் பறிக்கவும் வல்லதாக இருந்தது.

1948, 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் இனாம் முறையையே ஒழித்து ரயத்துவாரி பட்டாவைக் கொண்டுவந்தன. எனினும் அப்பழைய பதிவேட்டின் மதிப்பு குறையவில்லை. 1919இலேயே பிரிவி கவுன்சில் அதை மிக முக்கியமான சான்றாக ஏற்றது. இன்றும் நீதிமன்றங்கள் அதைக் கேட்கின்றன. தம் பள்ளிவாசல் நிலம் குறித்து ஐயமுள்ள ஜமாஅத்தார் இன்றைய பட்டாவோடு நின்றுவிடாமல், தம் ஊருக்கான இனாம் பதிவேட்டின் நகலை முதலில் கேட்டு வாங்கி, அதில் யார் பெயர், எந்த நோக்கம் என்னும் இரு பத்திகளையும் படித்துப் பார்ப்பது நல்லது.