சரிந்து ஏறும் கோடு

டெல்லியில் ஆர்.கே.புரம் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: மலை மந்திர், தமிழ்ச் சங்கம். மலை மந்திரின் படிகளில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்பது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இருந்தாற்போலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்து, வந்த மாதிரியே சட்டென்று நிற்பது வேறு. இந்த இரண்டாவது சங்கதிக்கும் டெல்லிக்கும் இடையில் ஒரு தமிழ்ப் பெண் வருகிறார்: இதய மருத்துவர் டாக்டர் எஸ். பத்மாவதி.

1917-இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். போர் முடிந்தபின் லண்டன். அடுத்து பால்டிமோரில் ஹெலன் டௌசிக்கிடம் பயிற்சி. 1952-இல் ஹார்வர்டில் பால் டட்லி வைட்டிடம்.

வைட் என்ற அந்தப் பெயரில் சற்று நிற்க வேண்டும். 1930-இல் லூயி உல்ஃப், ஜான் பார்க்கின்சன், வைட் மூவரும் சேர்ந்து 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வேறு இதய நோய் எதுவும் தெரியாத அவர்களுக்கு அவ்வப்போது படபடப்பு வந்தது. அந்தக் கோளாறு இன்றும் மூவர் பெயராலும் வழங்குகிறது. ஈ.சி.ஜி. தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி. மேலறையின் சிற்றலைக்கும் கீழறையின் கூரிய அலைக்கும் இடையில் மூன்று முதல் ஐந்து கட்டம் இருக்க வேண்டும். இவர்களுக்கு மூன்றுகூட இராது. அதோடு கூரிய அலை நேராக எழாமல், குன்றின் அடிவாரம் போலச் சரிந்து ஏறும். மேலறையிலிருந்து வரும் மின்தூண்டல் நடுவிலுள்ள கணுவில் சற்றுத் தாமதித்தே கீழே இறங்க வேண்டும். பிறவியிலேயே அமைந்த ஒரு மெல்லிய தசை இழை அதற்குக் குறுக்கு வழி விட்டுவிடுகிறது.

1953-இல் பத்மாவதி டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டே ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு, வட இந்தியாவில் முதன்முறையாக இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தை அங்கே அமைத்தார். அவர் முன்னே வந்து நின்ற நோய்கள் வேறு. தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும், மேலறை வீங்கும், துடிப்பு ஒழுங்கு கெட்டு நடுங்கத் தொடங்கும். நுரையீரல் கெட்டு வலப்பக்க இதயம் தளர்வது இன்னொன்று. இதைப் பற்றி 1959-இல் பதக் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில் 127 டெல்லி நோயாளிகள். பெண்களிடமும் இந்நோய் அதிகமாக இருந்ததைக் கண்டு, காற்றோட்டமில்லாத அறையில் வரட்டி எரித்துச் சமைக்கும் புகையை அவர் கவனத்தில் கொண்டார். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தோடு நிற்காமல் டெல்லிப் பெண்களின் அடுப்படி வரை அவர் போனதைத்தான் அவருடைய பெரிய சாதனை என்று சொல்ல வேண்டும். 1962-இல் அகில இந்திய இதய அறக்கட்டளையும் 1981-இல் தேசிய இதய நிலையமும் அவர் தொடங்கியவை.

ஆசானின் பெயர் தாங்கிய கோளாறுக்கு 1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் வில் சீலி நெஞ்சைத் திறந்து அந்த இழையை வெட்டினார். இப்போது பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. தொடை இடுக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அதன் முனையைச் சூடேற்றி அந்த இடத்தை மட்டும் கருக்குகிறார்கள். 1991-இல் வந்த ஆய்வுகளுக்குப் பின் இது நிலைத்த சிகிச்சையானது. பெரும்பாலோர்க்குப் படபடப்பு அதோடு தீர்ந்துபோகிறது.

நூறு வயதை நெருங்கும்போதும் நோயாளிகளைப் பார்த்துவந்த பத்மாவதி, 2020 ஆகஸ்ட் 29 அன்று, 103-ஆம் வயதில், தாம் தொடங்கிய நிலையத்திலேயே கொரோனாவால் காலமானார்.

திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் படபடப்பு உங்களுக்கு இருந்தால், அது இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், அது நின்ற பிறகு இன்னொன்றும் எடுங்கள். இரண்டு தாள்களையும் பத்திரப்படுத்தி இதய மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கமும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.