பினாங்கின் ஐந்து முதலமைச்சர்கள்: ஒற்றுமை என்ன?

ஜோர்ஜ்டவுன் – 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தது முதல் பினாங்கு மாநிலம் ஐந்து முதலமைச்சர்களைக் கண்டுள்ளது. வோங் பௌ நீ (1957–1969), டாக்டர் லிம் சோங் இயூ (1969–1990), டாக்டர் கோ சு கூன் (1990–2008), லிம் குவான் எங் (2008–2018) ஆகியோருக்குப் பின் 2018 முதல் சோவ் கொன் இயோவ் அப்பொறுப்பில் உள்ளார்.

தொழிலும் கட்சியும் வேறு வேறு. வோங் ஆசிரியர், ம.சீ.ச.வைச் சேர்ந்தவர். லிம் சோங் இயூ மருத்துவர், கோ சு கூன் இயற்பியல் படித்த கல்வியாளர், இருவரும் கெராக்கான். லிம் குவான் எங் கணக்கியல் பட்டதாரி. அவரும் சோவும் ஜ.செ.க.

ஐவருமே சீனர்கள், ஐவருமே ஆண்கள். சுல்தான் இல்லாத பினாங்கில், சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். அவர் இன்ன இனத்தவராக இருக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை.

முதல் மூவருக்கும் இன்னோர் ஒற்றுமை உண்டு. அவர்களின் காலத்தை முடித்து வைத்தது தேர்தல் தோல்வியே. 1969-இல் வோங் தலைமையிலான கூட்டணி ஆட்சியை கெராக்கான் வீழ்த்தியது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, பினாங்குப் பாலம், கொம்தார் எனப் பெரும் வளர்ச்சி கண்ட 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-இல் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் லிம் சோங் இயூ தோற்றார். அந்த லிம் கிட் சியாங்கின் மகனே லிம் குவான் எங்.

2008-இல் கோ சு கூன், பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் பேராசிரியர் பி.இராமசாமியிடம் தோல்வி கண்டார். தேசிய முன்னணி மாநில ஆட்சியையும் இழந்தது. அதே ஆண்டு இரண்டாம் துணை முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராமசாமி, நாட்டில் அத்தகைய பதவிக்கு வந்த முதல் இந்தியர் ஆனார். 2023 வரை அப்பதவியில் இருந்தார். அவருக்குப் பின் ஜக்டீப் சிங் டியோ அதனை வகிக்கிறார்.

லிம் குவான் எங் மட்டும் தோற்று விலகவில்லை. 2018-இல் மத்திய நிதியமைச்சராகச் சென்றார்.

மாநில மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். முதலமைச்சர் நாற்காலியில் தமிழர் இதுவரை அமர்ந்ததில்லை. ஆனால் பதவியில் இருந்த முதலமைச்சரையே ஒரு தமிழர் வாக்குப் பெட்டியில் வென்றதும் இதே மண்ணில்தான். தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்தில் இருந்தாலும், வாக்களிப்பதன் மதிப்பை இந்த வரலாறே சொல்கிறது.