இஞ்ஞாசியாரின் தீராத சந்தேகம்

முத்துக்குளித்துறையில் பிறந்த எங்களுக்குச் சவேரியார் வீட்டு ஆள். 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர். அவரை அனுப்பிவைத்த இஞ்ஞாசியாரோ பீடத்தில் சுருபமாக நிற்பவர். இயேசு சபையை நிறுவியவர், காலில் குண்டடிபட்ட போர்வீரர் என்பதோடு ஞானோபதேச வகுப்பில் அவர் கதை முடிந்துவிடும். மனநல ஆலோசகராக வேலைக்கு வந்த பிறகுதான், முதுமையில் அவர் சொல்லி எழுதவைத்த தன்வரலாற்றை வாசித்தேன். மன்ரேசா பகுதி வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

1522 மார்ச்சில் மொன்செராத் மடத்தில், வாழ்நாள் பாவம் அத்தனையையும் எழுதிவைத்து மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதோடு தீர்ந்திருக்க வேண்டும். பக்கத்திலுள்ள மன்ரேசாவில் தங்கியபோது சந்தேகம் பிடித்துக்கொண்டது: ஏதாவது விட்டுப்போயிருக்குமோ? மறுபடி போய்ச் சொன்னார். மன்னிப்புக் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. பேராலயத்தைச் சேர்ந்த ஒரு ஞானி, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதச் சொன்னார். எழுதினார். சந்தேகம் முன்னைவிடப் பொடிப்பொடியாகத் திரும்பி வந்தது.

பழைய பாவங்களை இனிச் சொல்ல வேண்டாம், மிகத் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் சொல் என்றார் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு. நல்லெண்ணத்தில் விட்ட சலுகைதான். ஆனால் இஞ்ஞாசியாருக்கு எல்லாப் பாவமும் தெளிவாகத்தான் தெரிந்தது! 'ஒன்றும் ஆகாதே?' என்று ஓயாமல் கேட்கும் பிள்ளையிடம் "ரொம்பப் பயமா இருந்தா மட்டும் கேளு" என்று சொல்லும் அம்மாக்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட எனக்கு ஆசை.

தொமினிக்கன் மடத்தில் தமக்குக் கொடுத்த அறையிலிருந்த குழியில் விழுந்து செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது அவருக்கு. ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை பட்டினி கிடந்தார். சாப்பிடும்படி குரு கட்டளையிட்டார். இரண்டு நாள் அமைதி. செவ்வாய்க்கிழமை மறுபடி ஒவ்வொரு பாவமாக ஞாபகம் வந்தது. கடைசியில் அவரே முடிவெடுத்தார்: பழையதை இனி ஒருபோதும் சொல்வதில்லை. அன்றோடு விடுபட்டார். கடவுளின் இரக்கம் என்றார். அதில் எனக்கு வழக்கில்லை. அவர் செய்தது என்னவோ, திரும்பத் திரும்ப உறுதி கேட்பதை நிறுத்தியதுதான்.

ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்திருந்தது. பெரும்பாலோருக்கு அது ஒரு கடமை, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பயந்த சுபாவக்காரர்களுக்கோ எப்போதும் திறந்திருக்கும் கதவு. எர்ஃபுர்ட் மடத்துத் துறவியாக இருந்தபோது லூத்தர் ஒரே அமர்வில் ஆறு மணி நேரம் வரை சொன்னதுண்டு. கேட்டுக் கேட்டு அலுத்தவர் அவருடைய சபைத் தலைவர் ஸ்டாவ்பிட்ஸ்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரி, தாமே இந்த வேதனைப்பட்டவர், குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதே மருந்து என்று போதித்தார். என் கணக்கில் இது பாதி மருந்து. திரும்பத் திரும்பச் சொல்வது நிற்கும்; ஆனால் 'குருவுக்கு நான் சரியாக விளக்கினேனா?' என்று அடுத்த சந்தேகம் முளைக்கும்.

மருத்துவம் பின்னால்தான் வந்தது. 1875-இல் பாரிஸில் லெக்ராண்ட் து சோல் 'சந்தேகப் பித்து' பற்றி ஒரு நூலே எழுதினார். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர், சடங்குபோல் செய்ததையே செய்துகொண்டிருந்த இரு நோயாளிகளை அதைச் செய்யவிடாமல் தடுத்துப் பலன் கண்டார். 1985-இல் வார்விக், சால்கோவ்ஸ்கிஸ் இருவரும், உடம்புக்கு என்னவோ என்று பயந்து வருபவர்களிடம் 'ஒன்றுமில்லை' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதே பயத்தை வளர்க்கலாம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்.

இதே சந்தேகத்தோடு என்னிடம் வரும் கத்தோலிக்கர்களை ஒரே சாமியாரிடம், குறித்த நாளில் மட்டும் போகச் சொல்வேன். சாமியார்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடுகிறது. வீட்டார்தான், "ஒரு வார்த்தை சொன்னா என்ன மிஸ் குறைஞ்சிரும்?" என்பார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கட்டுரையை எடுத்தால் கொட்டாவி வரும். இஞ்ஞாசியார் கதையைச் சொன்னால், "அவருக்கேவா?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.